பழைய டிராக்டர்களை இனங்காணும் முறை

இந்திய உழவுத் தொழிலில் டிராக்டர் இடம்பெற்ற வரலாறு மிக நீண்டதன்று. இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற காலத்தில், போர்த் தளவாடங்களில் எஞ்சியிருந்த டிராக்டர்களும் மண்தள்ளு பொறிகளும் தரிசு நிலங்களைத் திருத்தும் பணிக்கென இந்நாட்டில் பயன்படுத்தப்பட்டன. வடநாட்டார் ‘கான்ஸ்’ என்று வழங்கும் நாணற்புல் ஆழ வேரூன்றிப் பரவியிருந்த மத்திய இந்தியப் பகுதிகளை மீட்பதற்கு மத்திய டிராக்டர் ஸ்தாபனம் பாடுபட்டது. 1949-ஆம் ஆண்டில் உலக வங்கி அளித்த ஒரு கோடி டாலர் கடன் விவசாய இயந்திரங்கள் வாங்க உதவிற்று. 1951-இல் நாடு முழுவதிலும் சுமார் 8,500 டிராக்டர்களே வேலை செய்தன. 1955-இல் இத்தொகை 20,000 ஆகவும், 1960-இல் 37,000 ஆகவும் உயர்ந்தது. இவற்றுள் ஏறக்குறைய அனைத்துமே அயல்நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தவை. உள்நாட்டு உற்பத்தி கணக்கில் இடம்பெறத் தொடங்கிய 1961-62-இல் ஓராண்டில் செய்யப்பட்டவை 880 மட்டுமே.

அக்காலத்து இயந்திரங்களுள் பல பழைய இரும்பின் விலைக்கு எடை போட்டு விற்கப்பட்டுவிட்டன. எஞ்சியவற்றுள் சில இன்றும் தண்ணீர் இறைக்கின்றன. சில களஞ்சியத்தின் மூலையில் துருவேறி நிற்கின்றன. சில புது வண்ணம் பூசப்பெற்றுக் கண்காட்சிகளில் வலம் வருகின்றன. இவற்றை இன்னதென்று சரியாக இனங்காண்பது பொழுதுபோக்கன்று. உதிரிப் பாகம் தேடும் உடைமையாளனுக்கும், விலை மதிக்கும் வணிகனுக்கும், பொருட்காட்சிச் சாலையில் பெயர் எழுதி வைப்போருக்கும் இவ்வறிவு இன்றியமையாதது. மாதிரியைத் தவறாகக் கொண்டு வாங்கிய லைனர் சிலிண்டருக்குள் பொருந்தாது. தவறாக எழுதிய பெயர் வரலாற்றையே திரித்துவிடும்.

இனங்காணும் முறையின் அடிப்படை விதி ஒன்றுதான். எந்தத் தனி அடையாளத்தையும் நம்பி முடிவு கட்டலாகாது. பெயர்ப் பலகை, எஞ்சின் எண், வார்ப்புக் குறிகள், கட்டமைப்பின் கூறுகள், வண்ணப் பூச்சு ஆகிய ஐந்தும் தனித்தனிச் சாட்சிகள். அவை ஒன்றையொன்று உறுதி செய்யும்போதுதான் முடிவு நிலைபெறும். முரண்படும்போது அம்முரண்பாடே அவ்வியந்திரத்தின் வாழ்க்கைக் கதையை உரைக்கும். இவ்விதியை விளக்குவதற்கு, உலகெங்கும் மிகுதியாகப் பரவியதும் இந்தியாவில் நெடிய வழித்தோன்றல்களை உடையதுமான பெர்குஸன் குடும்பம் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

பெர்குஸன் குடும்பத்தின் பிறப்பு

அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குஸன் என்பவர், கலப்பையை டிராக்டரின் பின்னே இழுபொருளாகக் கட்டாமல், மூன்று முனைகளில் இணைத்து டிராக்டரின் ஓர் அங்கமாகவே ஆக்கினார். கலப்பை மண்ணில் சந்திக்கும் எதிர்ப்பு, மேல் இணைப்புத் தண்டின் வழியே ஹைட்ராலிக் அமைப்புக்கு எட்டும். எதிர்ப்பு மிகும்போது அமைப்பு கலப்பையைச் சற்றே உயர்த்தும், குறையும்போது தாழ்த்தும். கலப்பையின் சுமையும் மண்ணின் இழுவிசையும் பின்சக்கரங்களை நிலத்தோடு அழுத்துவதால், எடை குறைந்த டிராக்டரும் கனரக டிராக்டரின் வேலையைச் செய்ய இயன்றது. இன்று உலகில் செய்யப்படும் டிராக்டர்களில் மிகப் பெரும்பாலானவை இம்மூன்று முனை இணைப்பையே கொண்டுள்ளன.

1938-இல் பெர்குஸனும் ஹென்றி போர்டும் எழுத்து மூலமான ஒப்பந்தம் ஏதுமின்றிக் கைகுலுக்கிச் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 1939-இல் அமெரிக்காவில் 9-என் என்னும் டிராக்டர் செய்யப்பட்டது. பெயரிலுள்ள 9 என்னும் இலக்கம் 1939-ஐக் குறிப்பது. 1942-இல் வந்தது 2-என். பின்னர் அவ்வுடன்பாடு முறிந்தது. அதனைத் தொடர்ந்த வழக்கு 1952-இல் போர்டு நிறுவனம் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர் செலுத்த இசைந்ததோடு முடிந்தது. இதற்கிடையில் இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியார், பெர்குஸனுக்காக 1946 முதல் 1956 வரை டி.இ.-20 என்னும் டிராக்டரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்தனர். ‘டி.இ.’ என்பது இங்கிலாந்து டிராக்டர் என்பதன் சுருக்கம். 1948 முதல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் செய்யப்பட்டவை ‘டி.ஓ.’, அதாவது கடல் கடந்த டிராக்டர் என்று பெயர் பெற்றன.

முதற் சாட்சி: பெயர்ப் பலகை

டி.இ.-20 டிராக்டரின் கருவிப் பலகையில் ஒரு சிறிய உலோகத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதில் மாதிரியின் எழுத்துகளும் தொடர் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளன. இடையில் வரும் எழுத்து எஞ்சினின் வகையைக் குறிப்பது. இடையெழுத்து ஏதுமில்லாத டி.இ.-20, அமெரிக்காவின் கான்டினென்டல் கம்பெனியாரின் பெட்ரோல் எஞ்சினைக் கொண்டது. ‘ஏ’ என்பது ஸ்டாண்டர்டு பெட்ரோல் எஞ்சின். ‘டி’ என்பது ஆவியாகும் எண்ணெய் எனப்பட்ட, மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் ஓடுவது. ‘எப்’ என்பது டீசல். ‘எச்’ என்பது விளக்கெரிக்கப் பயன்படும் மண்ணெண்ணெயில் ஓடுவது. குறுகிய அகலமுடையவை, திராட்சைத் தோட்டத்துக்கென அமைந்தவை, தொழிற்சாலை வேலைக்குரியவை ஆகியவற்றுக்கும் தனித்தனி எழுத்துகள் இருந்தன.

தொடர் எண் ஆண்டைக் காட்டும். ஏறத்தாழச் சொன்னால், 1947-இன் முடிவில் எண் 20,900-ஐ எட்டியது; 1948-இன் முடிவில் 77,000-ஐத் தாண்டியது; 1950-இன் முடிவில் 1,68,000-ஐயும், 1952-இன் முடிவில் 3,10,000-ஐயும் நெருங்கியது. 1956-இல் உற்பத்தி நின்றபோது 5,17,000-க்கு மேல் சென்றிருந்தது. ஆகவே 2,00,000 என்னும் எண்ணை அடுத்த ஒரு டிராக்டர் 1951-ஆம் ஆண்டினது என்று கொள்ளலாம்.

ஆயினும் பெயர்ப் பலகை இரண்டு திருகுகளாலோ ஆணிகளாலோ நிற்கும் ஒரு தகடேயாகும். ஒன்றிலிருந்து கழற்றி மற்றொன்றில் வைப்பது எளிது. இரண்டு பழுதான டிராக்டர்களிலிருந்து ஓடக்கூடிய ஒன்றை உருவாக்குவது பட்டறைகளில் வழக்கமே. ஆதலின் தகடு சொல்வதைக் கேட்டுக்கொண்டு, அடுத்த சாட்சியை விசாரிக்க வேண்டும்.

இரண்டாம் சாட்சி: எஞ்சின்

பெர்குஸன் டிராக்டருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கியர்ப் பெட்டி, பின் அச்சுக் கூடு ஆகியவை ஒன்றோடொன்று போல்ட்டால் இணைந்து தாமே முதுகெலும்பாக நிற்கின்றன. எனினும் எஞ்சினை முழுதாகப் பிரித்து வேறொன்றை வைப்பது இயலக்கூடியதே. பல டிராக்டர்களில் அது நடந்துமிருக்கிறது.

பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரும், பொறிக்கட்டைகளும், டிஸ்ட்ரிபியூட்டரும் இருக்கும். டீசல் எஞ்சினில் இவை இரா; அவற்றின் இடத்தில் எரிபொருள் பம்பும், அதிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் மெல்லிய எஃகுக் குழாய்களும் காணப்படும். ஆவியாகும் எண்ணெயில் ஓடும் வகையை அறிவதற்கு எரிபொருள் தொட்டியைப் பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினைப் பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் எண்ணெய்க்கு மாற்றுவது முறையாகையால், தொட்டி உள்ளே இரு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எண்ணெய் ஆவியாக வேண்டி, உட்செல்லும் குழாயையும் புகைபோகும் குழாயையும் சேர்த்து மூடிய வெப்பத் தகடும் காணப்படும். தகடு ‘டி’ என்று கூற, தொட்டியோ ஒற்றை அறையாக இருப்பின், பெட்ரோலுக்கு மாற்றப்பட்டதோ தொட்டி மாற்றப்பட்டதோ என ஐயுறலாம்.

அளவில் கருத்தில்லாவிடில் பொருள் நட்டம் நேரும். தொடக்கத்து ஸ்டாண்டர்டு பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டர் உள்விட்டம் 80 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓட்டம் 92 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு 1,850 கன சென்டிமீட்டர். 1951-ஐ ஒட்டி உள்விட்டம் 85 மில்லிமீட்டராகப் பெருக்கப்பட்டது. கொள்ளளவு 2,088 கன சென்டிமீட்டர் ஆயிற்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. டீசல் எஞ்சினோ முற்றிலும் வேறானது; அதன் பிஸ்டன் ஓட்டம் 101.6 மில்லிமீட்டர், அதாவது சரியாக 4 அங்குலம். ‘பழைய பெர்குஸனுக்கு’ என்று மட்டும் கூறிப் பிஸ்டனோ லைனரோ வாங்குபவர் இம்மூன்றுள் எதைப் பெறுவார் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எஞ்சின் கட்டையில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்வதோடு, தலைப்பகுதி கழற்றப்படும் வேளையில் உள்விட்டத்தை அளந்து எழுதி வைப்பதே பாதுகாப்பான வழி.

இதே வகுப்பைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு எஞ்சின், வான்கார்டு என்னும் மோட்டார் காரையும் இயக்கியது. அக்கார் இந்தியாவிலும் ஓடியதாகையால், டிராக்டர் எஞ்சினுக்குள் கார் பாகங்கள் இருந்தால் வியப்பதற்கில்லை. அன்றியும், பெட்ரோல் டிராக்டர்களைச் சிக்கனமாக ஓட்டுவதற்காகப் பெர்கின்ஸ் கம்பெனியாரின் பி-3 என்னும் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் மாற்றுப் பொருளாக விற்கப்பட்டது. ஆகவே சாம்பல் நிறப் பெர்குஸனில் மூன்று சிலிண்டர்கள் காணப்பட்டால் அது போலியென்று தள்ளுவது தவறு. அது தொழிற்சாலையில் பிறந்த நிலையன்று. ஆயினும் அக்காலத்து உழவன் எரிபொருள் செலவைக் கருதிச் செய்த நேர்மையான மாற்றம்.

மூன்றாம் சாட்சி: வார்ப்புக் குறிகள்

பெரிய வார்ப்பிரும்புப் பாகங்களில் பாக எண்ணும், பலவற்றில் வார்த்த தேதியைக் காட்டும் எழுத்தும் இலக்கமும் புடைப்பாக அமைந்திருக்கும். இவை உருகிய இரும்போடு உருவானவை. தகட்டைப்போல் கழற்றி மாட்டக் கூடியவையல்ல. எண்ணெய் அழுக்கைக் கம்பித் தூரிகையால் அகற்றிச் சுண்ணக்கட்டியை மென்மையாகத் தேய்த்தால் எழுத்துகள் தெளியும்.

இவற்றைப் படிப்பதில் தர்க்கம் எளியது. பாகம் முதலில் வார்க்கப்படும். சில நாளோ சில வாரமோ கழித்தே டிராக்டர் கோக்கப்படும். ஆகவே வார்ப்பின் தேதி, தொடர் எண் காட்டும் தேதிக்குச் சற்று முற்பட்டிருப்பதே இயல்பு. எஞ்சின் கட்டை பிற்பட்ட தேதியைக் காட்டினால் அது மாற்றப்பட்டது என்பது உறுதி. பின் அச்சுக் கூடும் கியர்ப் பெட்டியும் ஒரே காலத்தைக் காட்ட, பெயர்ப் பலகை மட்டும் வேறொன்றைக் காட்டினால், ஐயத்துக்குரியது பலகையே.

நான்காம் சாட்சி: கட்டமைப்பு

டி.இ.-20 டிராக்டரில் எஞ்சினைக் கிளப்புவதற்குத் தனிப் பொத்தான் இல்லை. கியர்த் தண்டையே ‘எஸ்’ என்னும் நிலைக்குத் தள்ள வேண்டும். தண்டு கியரில் இருக்கையில் எஞ்சினைக் கிளப்ப இயலாது. ஓட்டுபவன் அறியாமல் வண்டி பாய்ந்துவிடும் விபத்து இதனால் தவிர்க்கப்பட்டது. கருவிப் பலகையில் பிற்காலத்துப் பொத்தான் காணப்பட்டால், இவ்வமைப்பு பழுதுபட்டு மின்கம்பி வேறு வழியில் இணைக்கப்பட்டது என்று அறிக. முன்செல்ல நான்கு கியர்களும் பின்செல்ல ஒன்றும் உண்டு. எஞ்சின் மூடி முன்பக்கக் கீல்களில் ஒரே துண்டாகக் கவிழும்.

9-என், 2-என் ஆகிய போர்டு டிராக்டர்கள் தூரத்திலிருந்து பார்க்க இதன் உடன்பிறப்புப் போலவே தோன்றும். அவற்றுக்கு முன்செல்லும் கியர்கள் மூன்றே; எஞ்சின் மூடி அவ்வாறு கவிழாது; வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் அமைந்தவை. டி.இ.-20-இல் வால்வுகள் சிலிண்டரின் மேலே உள்ளன. எஞ்சின் தலையின் மேல் வால்வு மூடி இருக்கிறதா என்ற ஒரே பார்வையில் இவ்வேறுபாடு புலப்படும்.

1956-இல் டி.இ.-20-ஐத் தொடர்ந்து எப்.இ.-35 வந்தது. இதில் முன்செல்ல ஆறு கியர்களும் பின்செல்ல இரண்டும் அமைந்தன. டி.இ.-20-இல் ஹைட்ராலிக் அமைப்புக்கு ஒரே கைப்பிடி, எப்.இ.-35-இல் இழுவிசைக்கு ஒன்றும், கருவியின் உயரத்தை நிலைநிறுத்த ஒன்றுமாக இரண்டு. பின்புறத்தில் கருவிகளைச் சுழற்றும் சக்தித் தண்டின் விட்டம் டி.இ.-20-இல் ஒன்றே கால் அரைக்கால் அங்குலமன்று. ஒன்றேயரைக்கால், அதாவது 1.125 அங்குலம். எப்.இ.-35-இல் அது 1.375 அங்குலமாகியது. பல பழைய டிராக்டர்களில் சிறிய தண்டின் மேல் பெரிய உறை செருகப்பட்டிருக்கும். உறையைக் கழற்றியே அளக்க வேண்டும்.

பெர்குஸன் நிறுவனம் 1953-இல் மாஸி-ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைந்தது. 1957-இன் இறுதியில் இந்த டிராக்டர் எம்.எப்.-35 என்று பெயர் மாறியது. அதன் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் குளிரில் கிளம்ப மறுப்பதாகப் பெயரெடுத்தது. அதன் இடத்தில் 1959-இன் இறுதியில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் வைக்கப்பட்டது. அதன் பெயரில் வரும் 152 என்னும் எண், கொள்ளளவைக் கன அங்குலத்தில் தருவதாகும்.

ஐந்தாம் சாட்சி: வண்ணப் பூச்சு

டி.இ.-20 தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது முழுமையும் சாம்பல் நிறம். எப்.இ.-35-இன் தகட்டுப் பாகங்கள் சாம்பல் நிறமாகவும், எஞ்சினும் வார்ப்புக் கூடுகளும் செம்பொன் நிறமாகவும் இருந்தன. எம்.எப்.-35-இல் தகடுகள் சிவப்பு, வார்ப்புகள் சாம்பல். எனவே சிவப்பு நிற டி.இ.-20 எதுவாயினும் பின்னாளில் பூசப்பெற்றதே.

வண்ணம் மிக எளிதில் பொய்யுரைக்கும் சாட்சி. ஆயினும் மறைவிடங்களில் மெய்யையும் காத்து வைத்திருக்கும். கருவிப் பலகையின் பின்புறம், எஞ்சின் மூடியின் உட்புறம், மட்கார்டு பின் அச்சோடு சேரும் இடுக்கு ஆகியவற்றில் முதற்பூச்சு எஞ்சியிருக்கக் கூடும். நுண்ணிய உப்புத்தாளால் சிறு வட்டமாகத் தேய்த்தால் அடுக்குகள் மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும்.

இந்திய இயந்திரத்துக்கு எது மூலநிலை?

இங்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை தேவைப்படுகிறது. அயல்நாட்டு நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு இந்திய டிராக்டரை மதிப்பிடுவோர் பெருந்தவறு இழைக்க இடமுண்டு. 1960-இல் சென்னையில் நிறுவப்பெற்ற டிராக்டர்ஸ் அண்டு பாரம் எக்விப்மென்ட் லிமிடெட், மாஸி பெர்குஸன் கூட்டுறவுடன் எம்.எப்.-35-இன் வழிவந்த டிராக்டர்களைச் செய்யலாயிற்று. எம்.எப்.-1035 என்னும் இந்திய மாதிரி அவ்வழியில் வந்ததே. அதன் எஞ்சினில் காணப்படும் சிம்ப்ஸன் என்னும் பெயர் அன்னியப் பாகத்தின் அடையாளமன்று. பெர்கின்ஸ் எஞ்சின் தொழில் நுணுக்கம் சென்னையில் வேரூன்றியதன் சான்று. அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் காவென்ட்ரியின் எஞ்சினை வரவழைத்துப் பொருத்துபவர், மூலநிலையை மீட்பதாக எண்ணிக்கொண்டு அதை அழிக்கிறார்.

பிற குடும்பங்களுக்கும் இது பொருந்தும். 1959-இல் பரீதாபாத்தில் முதல் டிராக்டரை வெளியிட்ட ஐஷர், காற்றினால் குளிர்விக்கப்படும் எஞ்சினைக் கொண்டது. அதில் தண்ணீர் ரேடியேட்டரைத் தேடுவது வீண். 1971-ஐ ஒட்டிப் பிஞ்சோரில் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் 2511 மாதிரி, செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீடார் வழி வந்தது. 1974-இல் வெளிவந்த ஸ்வராஜ் டிராக்டருக்கோ அயல்நாட்டு முன்மாதிரி எதையும் நாட வேண்டியதில்லை. அது துர்காபூரிலுள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சிக் கழகத்தின் வடிவமைப்பு. ஒவ்வொன்றுக்கும் அது பிறந்த தொழிற்சாலையே அளவுகோல்.

பழுது பார்க்குமுன் செய்ய வேண்டுவன

பழைய டிராக்டர் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது வண்ணத் தூரிகையன்று, குறிப்பேடு. பெயர்ப் பலகை, எஞ்சின் எண், வார்ப்புக் குறிகள் ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து, எழுதியும் வைக்க வேண்டும். மணற்பீச்சால் துருவை அகற்றுவது விரைவானது. ஆனால் அது வண்ண அடுக்குகளையும் ஆழமற்ற பொறிப்புகளையும் சேர்த்தே அரித்துவிடும். கழற்றிய பாகத்தைப் புதியது வந்ததும் தூக்கி எறியாமல், சீட்டுக் கட்டி வைத்தல் நன்று. தேய்ந்த எண்ணை ஊகித்து மீண்டும் பொறிப்பதோ, புதுத் தகடு செய்து பழையதென்று ஒட்டுவதோ அறவே கூடாது. பதிவுச் சான்றிதழில் சாசி எண்ணும் எஞ்சின் எண்ணும் இடம்பெறுகின்றன. எஞ்சினை மாற்றினால் அதைப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துச் சான்றிதழில் ஏற்றுவதே சட்டத்துக்கும் வரலாற்றுக்கும் உகந்தது.

உடைமையாளரின் நினைவும் ஒரு சாட்சியே. எந்த ஆண்டில், எவரிடம், எதற்காக வாங்கப்பட்டது. எஞ்சின் எப்போது மாற்றப்பட்டது. எந்தப் பயிருக்கு உழுதது என்பன போன்ற செய்திகளை முதியோரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். இரும்பு துருப்பிடித்த பின்னும் சில ஆண்டுகள் நிற்கும். இச்செய்திகள் அவ்வாறு காத்திருப்பதில்லை.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பொருள்களையே காக்கிறது. 1946-இல் பிறந்த டி.இ.-20-இன் மூத்த வண்டிக்கும் இன்னும் அவ்வயது நிரம்பவில்லை. ஆகவே, கான்ஸ் புல்லையும் கட்டாந்தரையையும் வென்று இந்நாட்டு உழவை மாற்றிய இவ்வியந்திரங்களைக் காக்கும் பொறுப்பு, இன்றைக்கு அவற்றை வைத்திருப்போரையே சாரும். சரியாக இனங்கண்டு, கண்டதை உள்ளபடி எழுதி வைப்பதே அப்பொறுப்பின் முதற்படியாகும்.